படுத்தால்தான் மருந்தா? மருத்துவக் காப்பீட்டில் மாத்திரைகளின் இடம்

மருத்துவக் காப்பீடு பற்றி நம் நாட்டில் நடக்கும் பேச்செல்லாம் இரண்டு எண்களில் முடிந்துவிடுகிறது. எத்தனை குடும்பங்களுக்கு அட்டை கிடைத்தது, எத்தனை லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு என்பவை அவை. மருத்துவர் சீட்டில் எழுதித் தரும் மருந்துக்கு அந்த அட்டை எவ்வளவு தரும், எத்தனை நாளைக்குத் தரும் என்று கேட்பவர்கள் குறைவு. இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்விதான். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாத்திரை உயிருக்கு எவ்வளவு தேவை என்பதைப் பார்த்து நம் காப்பீட்டு விதிகள் அதற்குப் பணம் தருவதில்லை. அதை விழுங்கும்போது நோயாளி எங்கே படுத்திருக்கிறார் என்பதைப் பார்த்தே தருகின்றன. மருத்துவ நோக்கிலும் இது தவறு, பொருளாதார நோக்கிலும் தவறு. இதை மாற்ற முடியும். மாற்றுவதற்கான கருவிகளும் நம் கையில் ஏற்கெனவே இருக்கின்றன.

விதியின் வாசகத்திலிருந்தே தொடங்குவோம். 2020 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் கட்டாயம் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பாலிசி ‘ஆரோக்கிய சஞ்சீவனி’. எந்த நிறுவனம் விற்றாலும் அடிப்படை வாசகம் ஒன்றே என்பதால், நாடு முழுவதும் உள்ள நடைமுறையை அறிய இது நல்ல சான்று. இந்தப் பாலிசியின்படி, குறைந்தது 24 மணி நேரம் தொடர்ந்து உள்நோயாளியாக இருந்தால்தான் அது மருத்துவமனைச் சிகிச்சை. அப்படி இருக்கும்போது கொடுக்கப்படும் மருந்துக்குப் பணம் உண்டு. அனுமதிக்கப்படுவதற்கு முந்தைய 30 நாளும், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாளும் வாங்கும் மருந்துக்கும் உண்டு. ஆனால் அதே நோய்க்கான மருந்தாக இருக்க வேண்டும், மருத்துவமனைச் செலவுக்கான க்ளெய்ம் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். புறநோயாளிச் சிகிச்சை என்பதை விளக்கும் பாலிசி, அதற்கான செலவைப் பின்னால் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. அந்த விலக்குப் பட்டியலிலேயே கவனிக்க வேண்டிய இன்னொரு வரி உண்டு. சீட்டு இல்லாமல் கடையில் வாங்கக்கூடிய வைட்டமின், தாதுச் சத்து மாத்திரைகளுக்குப் பணம் கிடையாது. ஆனால் மருத்துவமனைச் சிகிச்சையின் பகுதியாக மருத்துவர் எழுதியிருந்தால் கிடைக்கும். ஆக, உள்நோயாளிக்கு எழுதப்பட்ட வைட்டமின் மாத்திரை காப்பீட்டுக்குள் வரும். நாள்தோறும் வீட்டில் போட்டுக்கொள்ளும் இன்சுலின் வராது. மருந்தின் தன்மைக்கு இந்த விதியில் எந்த இடமும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த விதி ஒரு நோயாளியின் வாழ்க்கையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைக்கப்பட்ட ஒருவர் சில நாளில் வீடு திரும்புகிறார். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பகுதியில் வழக்கமாக ஐந்து மருந்துகள் இருக்கும்: ஆஸ்பிரின், அதோடு குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார், கொழுப்பைக் குறைக்க அடோர்வாஸ்டாடின், இதயத் துடிப்பைச் சீராக்க மெட்டோப்ரோலால், இரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில். முதல் இரண்டும் ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறையாமல் காப்பவை. பொதுவாக ஓராண்டுக்கு இரண்டையும் சேர்த்தே சாப்பிடச் சொல்வார்கள். பாதியில் நிறுத்தினால் வைத்த ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. மற்ற மருந்துகள் பலருக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்படும். இவர் பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சிகிச்சை பெற்றவர் என்றால், பொது விதிப்படி டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாளைக்கு மருந்து கிடைக்கும். ஆரோக்கிய சஞ்சீவனி வைத்திருப்பவர் என்றால் 60 நாள். அதன் பிறகு கடையில் வாங்கும் ஒவ்வொரு அட்டை மாத்திரைக்கும் சொந்தப் பணம்தான். இதே நோயாளிக்காக 2017 பிப்ரவரியில் அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலை 29,600 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. பெரிதும் பாராட்டப்பட வேண்டிய நடவடிக்கை அது. ஸ்டென்ட்டின் விலை வரைக்கும் சென்று அக்கறை காட்டிய கொள்கை, அந்த ஸ்டென்ட்டை வேலை செய்ய வைக்கும் மாத்திரையின் முன் நின்றுவிட்டது. மடை உடைந்த பிறகு மணல் மூட்டை அடுக்கப் பணம் ஒதுக்கிவிட்டு, கரையைப் பலப்படுத்த ஒரு கூடை மண்ணுக்குக்கூடப் பணமில்லை என்று சொல்வதைப் போன்றது இது.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றும் கீமோதெரபிக்கு 24 மணி நேர விதி பொருந்தாது. கண்புரை அறுவை, டயாலிசிஸ் போல அதுவும் பகல்நேரச் சிகிச்சையாக ஏற்கப்படுகிறது. மருத்துவத் தொழில்நுட்பம் முன்னேறியதால் ஒரு நாள் படுக்கவேண்டிய தேவை போய்விட்டது என்பதே இந்த விலக்குக்கு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லும் காரணம். அதே முன்னேற்றத்தின் அடுத்த படிதான் வாய்வழி கீமோதெரபி. நோயாளி வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுப் புற்றுநோயைக் கட்டுக்குள் வைத்திருக்க முடிகிறது. 2019இல் வெளியான விலக்குகள் பற்றிய வழிகாட்டுதல், வாய்வழி கீமோதெரபி உள்ளிட்ட 12 நவீனச் சிகிச்சைகளை ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவிடக் கூடாது என்று நிறுவனங்களுக்குச் சொன்னது. அது முக்கியமான திருப்பம். ஆனால் ஆரோக்கிய சஞ்சீவனியில் இந்தச் சிகிச்சைகளுக்குக் காப்பீட்டுத் தொகையில் பாதி வரைதான் பணம். படுக்கையின் தேவை குறைந்ததற்காக டயாலிசிஸுக்குக் கதவு திறந்தது. படுக்கையே தேவைப்படாத நிலையை மருத்துவம் எட்டியபோது அந்தக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது.

இது ஒரு சிலரின் சிக்கல் என்று யாரும் நினைக்க வேண்டாம். சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துடன் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. அதன் கணக்குப்படி நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடி. வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு மேல் உயர் இரத்த அழுத்தம். இந்த இரண்டு நோய்க்கும் சிகிச்சை என்பது முதன்மையாக நாள் தவறாத மாத்திரைதான். இவர்கள் மருத்துவமனையில் படுப்பது சிகிச்சை தவறிய பிறகே: பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, காலை எடுக்கும் நிலை என்று வந்த பிறகே. தேசிய சுகாதாரக் கணக்கறிக்கைகளின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து போடும் பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடு, 2021-22இல் 39.4 விழுக்காடு. குறைந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனாலும் நூறு ரூபாயில் ஏறத்தாழ நாற்பது ரூபாய் இன்னும் நோயாளியின் பையிலிருந்தே போகிறது. கைக்காசில் பெரும்பங்கு மருத்துவமனைக்கு வெளியே மருந்து வாங்கவே போகிறது என்பதைக் குடும்பச் செலவு ஆய்வுகள் ஒவ்வொரு சுற்றிலும் காட்டிவருகின்றன. காப்பீடு பாதுகாக்கும் இடம் ஒன்று, குடும்பம் பணத்தை இழக்கும் இடம் வேறொன்று.

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதல்ல. மருத்துவம் என்றால் மருத்துவமனை என்று கருதப்பட்ட இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்த திட்டங்கள் பலவற்றில் இது இருந்தது. அமெரிக்காவில் 1965இல் முதியோருக்காகத் தொடங்கிய மெடிக்கேர், மருத்துவமனையில் தரும் மருந்துக்கும் மருத்துவர் போடும் ஊசிக்கும் பணம் தந்தது. சீட்டு எழுதி வெளியே வாங்கும் மருந்துக்குத் தரவில்லை. 2003இல் சட்டம் வந்து, 2006இல்தான் அதற்கான தனிப் பகுதி நடைமுறைக்கு வந்தது. இடையில் நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று அங்கே ஒவ்வொரு காப்பீட்டுத் திட்டமும் ஒரு மருந்துப் பட்டியலை வெளியிட வேண்டும். விலை குறைந்த ஜெனரிக் மருந்து கீழ் அடுக்கில், விலை கூடியவை மேல் அடுக்கில் என்று பிரித்து, அடுக்குக்கு ஏற்ப நோயாளியின் பங்கு மாறும். பொதுவாக ஒவ்வொரு மருந்து வகையிலும் குறைந்தது இரண்டு மருந்தாவது இருக்க வேண்டும் என்பது விதி. 2023 முதல் மெடிக்கேரில் இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் நோயாளியிடம் வாங்கக் கூடாது. 2025இல், மருந்துக்காக ஒருவர் ஆண்டுக்கு 2,000 டாலருக்கு மேல் கைக்காசு போடத் தேவையில்லை என்ற வரம்பு வந்தது. கனடாவிலும் மருத்துவமனைக்குள் மருந்து இலவசம், வெளியே வந்தால் மாகாணத்தையும் வேலை தருபவரையும் பொறுத்தது என்ற நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. 2024இல்தான் நீரிழிவு மருந்தையும் கருத்தடைச் சாதனங்களையும் முதற்படியாகக் கொண்டு ஒரு தேசியச் சட்டம் வந்தது. செல்வ நாடுகள் மெதுவாகக் கற்ற பாடத்தை நாமும் அதே வேகத்தில்தான் கற்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

அந்தப் பாடத்துக்கு மிக வலுவான சான்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலிருந்து வருகிறது. 1980களின் தொடக்கத்தில் அந்த மாநிலம், ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டத்தில் ஒருவருக்கு மாதம் மூன்று மருந்துச் சீட்டுக்கு மேல் பணம் தருவதில்லை என்று வரம்பு விதித்தது. பதினொரு மாதம் அந்த விதி நடப்பில் இருந்தது. தொடர்ந்து பல மருந்துகள் சாப்பிட்டுவந்த முதியோரை ஆராய்ந்தபோது, அவர்களின் மருந்துப் பயன்பாடு 35 விழுக்காடு குறைந்திருந்தது. அவர்கள் பராமரிப்பு இல்லங்களில் சேரும் அபாயம் ஏறத்தாழ இருமடங்கானது. வரம்பை நீக்கியதும் மருந்துப் பயன்பாடு பழைய நிலைக்கு நெருங்கியது. பராமரிப்பு இல்லங்களுக்குப் போய்விட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. அதே வரம்பின் கீழ் மனச்சிதைவு நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், மருந்தில் மிச்சப்படுத்திய தொகையைப் போலப் பதினேழு மடங்கு கூடுதல் மனநலச் சேவைகளுக்குச் செலவானதாகக் கணக்கிட்டார்கள். மறுபக்கச் சோதனையும் உண்டு. மாரடைப்புக்குப் பிறகு வீடு திரும்பிய நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு மருந்தை முற்றிலும் இலவசமாகத் தந்து நடத்திய சோதனையின் முடிவு 2011இல் வெளிவந்தது. முதன்மை அளவுகோலாக வைத்த நிகழ்வுகளில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களின் பங்கு கூடியது, இதய, இரத்தக்குழாய் பாதிப்புகளின் மொத்த எண்ணிக்கை குறைந்தது, மொத்தச் செலவு உயரவில்லை. மருந்தை இலவசமாகக் கொடுத்தால் காப்பீட்டு நிதி கரைந்துவிடும் என்ற அச்சத்தை இந்த முடிவு தாங்கிப்பிடிக்கவில்லை.

இனி மறுப்புகளுக்கு வருவோம். காப்பீட்டுத் துறையினர் சொல்லும் முதல் மறுப்பு கொள்கை சார்ந்தது. எதிர்பாராத இழப்புக்குத்தான் காப்பீடு. மாதந்தோறும் நிச்சயமாக வரும் மருந்துச் செலவு காப்பீட்டுக்கு உரியதல்ல, குடும்ப பட்ஜெட்டுக்கு உரியது என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதம் ஒரு கட்டத்தில் வழுக்குகிறது. நாற்பது வயதுள்ள நூறு பேரில் யாருக்கு நீரிழிவு வரும் என்பது யாருக்கும் தெரியாது. அதுதான் எதிர்பாராத இழப்பு. வந்த பிறகு அடுத்த முப்பது ஆண்டு வாங்கும் மருந்து அந்த ஒரே இழப்பின் தவணைகள். விபத்தில் காலிழந்தவருக்கு ஆண்டுதோறும் இழப்பீடு தருவதை எதிர்பார்த்த செலவு என்று யாரும் மறுப்பதில்லை. இந்த மறுப்பில் ஒரு நடைமுறை உண்மையும் உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். விருப்பம் உள்ளவர் மட்டும் வாங்கலாம் என்று புறநோயாளி மருந்துக்குத் தனிப் பாலிசி விற்றால், ஏற்கெனவே நோயுள்ளவர்களே அதிகம் வாங்குவார்கள். நிறுவனம் பிரீமியத்தை உயர்த்தும், பணம் தரும் வரம்பைச் சுருக்கும். இன்று சந்தையில் கிடைக்கும் ஓ.பி. இணைப்புகள் பெரும்பாலும் சிறு வரம்புக்குள் அடங்கியிருப்பதற்குக் காரணம் இதுதான். இதிலிருந்து வரும் முடிவு, மருந்துக்குக் காப்பீடு இயலாது என்பதல்ல. நோயுள்ளவரும் இல்லாதவரும் ஒரே தொகுப்பில் இருக்கும் வகையில் மருந்து அடிப்படைக் காப்பீட்டின் உள்ளேயே இருக்க வேண்டும் என்பதே.

இரண்டாவது மறுப்பு, தேவையில்லாத மருந்தும் போலி பில்லும் பெருகும் என்பது. இது கற்பனை அச்சமில்லை. விலை கூடிய பிராண்டுகளை எழுதித் தள்ளும் பழக்கமும், இல்லாத நோய்க்குப் பில் போடும் பழக்கமும் நாம் அறிந்தவையே. இதற்குத் தீர்வு மருந்தை அடியோடு விலக்குவதா, எந்த மருந்து என்பதை வரையறுப்பதா? 2002இல் தாய்லாந்து தன் அனைவருக்குமான மருத்துவத் திட்டத்தைத் தொடங்கியபோது, தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றைப் பதிவு செய்த மருத்துவமனையில் புறநோயாளிக்கும் தந்தது. பட்டியலே செலவுக்குக் கடிவாளமாக இருந்தது. நம்மிடமும் அத்தகைய பட்டியல் உண்டு. 2022இல் திருத்தப்பட்ட தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 384 மருந்துகள் இருக்கின்றன. 2013இல் வந்த மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் அவற்றுக்கு உச்சவிலையும் விதிக்கப்படுகிறது. மேலே சொன்ன மாரடைப்பு நோயாளியின் சீட்டில் உள்ள ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின், மெட்டோப்ரோலால், ராமிப்ரில் ஐந்தும் அதில் உள்ளவை. ஜெனரிக் பெயரில், உச்சவிலைக்குள், பட்டியலில் உள்ள மருந்துக்கு மட்டும் பணம் என்று வைத்தால் மோசடிக்கான இடம் வெகுவாகச் சுருங்கும். நம் சொந்த அனுபவமும் இதற்குத் துணை. 1948இல் இயற்றிய சட்டத்தின் வழிவந்த, தொழிலாளர்களுக்கான ஈ.எஸ்.ஐ. திட்டம் புறநோயாளி மருந்தையும் தன் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. இன்று முதலாளியிடமிருந்து ஊதியத்தில் 3.25 விழுக்காடும் தொழிலாளியிடமிருந்து 0.75 விழுக்காடும் பெற்று நடக்கிறது. மருந்து இருப்பில்லை, வரிசை நீளம் என்ற முறையீடுகள் பழையவை, நியாயமானவை. அவை நிர்வாகத்தின் குறைகள். மருந்தையும் காப்பீட்டுக்குள் வைக்கலாம் என்ற அடிப்படையை எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் திட்டம் நிரூபித்துக்கொண்டுதான் இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு தமிழ்நாட்டில் அதிகம் கேட்பது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், பிறகு எதற்குக் காப்பீடு என்பது. இதில் பெருமைப்பட வேண்டிய உண்மை இருக்கிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், உற்பத்தியாளர்களிடம் நேரடியாக டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி, தொகுதி தொகுதியாகப் பரிசோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக்கில் தொகை ஒதுக்கி மருந்து தருகிறது. இந்த முறையைப் பார்த்துப் பிற மாநிலங்களும் இத்தகைய கழகங்களை அமைத்தன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. நான் கோரும் தத்துவத்தின் மிகச் சிறந்த வடிவம் இதுதான் என்பேன்: தேவை இருக்கும் இடத்துக்கு மருந்து போகிறது, படுக்கை கேட்பதில்லை. ஆனால் காப்பீட்டு அட்டையோடு தனியார் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட நோயாளி, 15 நாள் மருந்து தீர்ந்த பதினாறாம் நாள் எங்கே போவார்? அவரை அங்கே அனுப்பியது அரசின் திட்டம். அங்கிருந்து வெளியே வரும்போது அரசின் மருந்துக் கிடங்கோடு அவரை இணைக்கும் கண்ணி பல இடங்களில் இல்லை. இலவச மருந்தையும் காப்பீட்டையும் இரண்டு தனித் துறைகளாக வைத்திருப்பதால் இந்த இடைவெளி உருவாகிறது.

ஆகவே நான் முன்வைக்கும் மாற்றங்கள் நான்கு. முதலாவது, தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள நீண்டகால நோய் மருந்துகளை, நோயாளி எங்கிருந்தாலும், ஜெனரிக் பெயரில் உச்சவிலைக்குள் எல்லா அடிப்படைப் பாலிசிகளும் ஏற்க வேண்டும். இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு, மனநோய், உறுப்புமாற்றத்துக்குப் பிந்தைய மருந்து என்று படிப்படியாகத் தொடங்கலாம். இரண்டாவது, அரசுக் காப்பீட்டில் ஸ்டென்ட், இதய வால்வு, உறுப்புமாற்று போன்ற சிகிச்சைகளுக்குப் பிந்தைய மருந்துக் காலம் குறைந்தது ஓராண்டாக வேண்டும். ஆந்திராவின் ஆரோக்கியஸ்ரீ திட்டம் குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு ஓராண்டு வரை பரிசோதனையும் மருந்தும் தரும் தொடர் சிகிச்சைத் தொகுப்புகளை முன்பே வகுத்துவிட்டது. தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் சில தொடர் சிகிச்சைகளுக்கு இடமுண்டு. விதிவிலக்காக இருப்பதைப் பொது விதியாக்குவதுதான் வேலை. தமிழ்நாட்டில் அந்த மருந்தை மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாகவே கொடுத்தால் செலவும் குறையும். மூன்றாவது, ஒரே புற்றுநோய்க்கு நரம்பில் ஏற்றும் மருந்துக்கு ஒரு வரம்பும் வாயில் போடும் மருந்துக்குப் பாதி வரம்பும் இருப்பது நீங்க வேண்டும். நான்காவது, பாலிசியின் முதல் பக்கத்தில், வாங்குபவரின் மொழியில், எந்த மருந்துக்கு, எத்தனை நாளைக்கு, எவ்வளவு பணம் என்பது அச்சாக வேண்டும். 24 மணி நேர விதியும் புறநோயாளி விலக்கும் இன்று பல பக்கங்கள் தள்ளி நிற்கின்றன. க்ளெய்ம் நிராகரிக்கப்படும் நாளில்தான் பலர் அவற்றை முதன்முதலாகப் படிக்கிறார்கள்.

பிரீமியம் கூடும் என்று சொல்வார்கள். கொஞ்சம் கூடத்தான் செய்யும், மறைக்க வேண்டியதில்லை. 2025 செப்டம்பரில் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தின் மீதான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. அந்தச் சலுகையின் ஒரு பகுதியை மருந்துக்குத் திருப்புவதுகூட முதல் படியாக இருக்க முடியும். மருந்து வாங்க முடியாத நோயாளி செலவு செய்யாமல் இருந்துவிடுவதில்லை. சில ஆண்டு கழித்து, பல மடங்கு பெரிய பில்லோடு, அதே காப்பீட்டின் வாசலுக்கு வருகிறார். அந்தப் பில்லையும் பிரீமியம் கட்டுபவர்களும் வரி கட்டுபவர்களும்தான் கட்டுகிறோம்.

இங்கே கூடியிருக்கும் மாணவர்களில் சிலர் நாளை மருத்துவராவீர்கள், சிலர் காப்பீட்டு நிறுவனத்தில் கணக்கிடுபவராவீர்கள், சிலர் அரசுக் கோப்புகளில் கையெழுத்திடும் இடத்தில் இருப்பீர்கள். எந்த இடத்தில் இருந்தாலும் ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உங்கள் முன் வரும்போது அதன் தொகையைப் பார்த்து மலைத்து நின்றுவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் முதல் இந்த நோயாளிக்கு மாத்திரை எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடையில்லாத திட்டம் எத்தனை லட்சத்துக்கு இருந்தாலும் முழுமையான மருத்துவக் காப்பீடு ஆகாது.